மணி மட்டும் அடிச்சாப் போதும்

மனுசிதானே பேசுறது? மிசினு இல்லயே? இரு தாயி, நம்ப மாட்டேன், ஒரு தடவ இருமிக் காட்டு.

சிரிக்கிற. சரி, மனுசிதான். மிசினுக்குச் சிரிக்கத் தெரியாது.

கோவிச்சுக்காத. அரை மணி நேரமா ஒருத்தி என்னயப் பாடாப் படுத்திட்டா. தமிழுக்கு ஒண்ணை அமுக்குன்னா, அமுக்குனேன். புதுத் திட்டத்துக்கு ரெண்டை அமுக்குன்னா. புதுசு வேணாம் ஆத்தா, பழைய வெலைதான் வேணும்னு நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன், அவ பாட்டுக்கு மூணுக்குப் போயிட்டா. அப்பறம் என்னய ஹோல்டுல போட்டுட்டு பீப்பீ வாசிக்கிறீங்க. கல்யாண வீட்டுல கூட இம்புட்டு நேரம் வாசிக்க மாட்டாங்க. வேற எந்த நம்பரும் போக மாட்டேங்குது தாயி. இந்தப் போனுல இப்ப வெளிய போறது உங்க நம்பரு ஒண்ணுதான். அதான் உன்னயக் கூப்புட்டேன்.

உம் பேரு என்னன்ன? கவிப்பிரியா. நல்ல பேரு. நான் சீனிச்சாமி, உசிலம்பட்டி. கவர்மெண்டு பஸ்ஸுல முப்பத்தியோரு வருசம் கண்டக்டரு. ரிட்டயராகி அஞ்சு வருசமாச்சு, தொண்ட மட்டும் இன்னும் ரிட்டயராகல. அதனால நான் கத்துறேன்னு நெனச்சுக்காத, இது நான் மெதுவாப் பேசுறது.

என்னது? சிம்மு யாரு பேருலயா? எங்க வீட்டுக்காரி பேருல இருக்கு. பேச்சியம்மாள். வாங்குன அன்னைக்கு அவ கார்டுதான் கையில இருந்துச்சு. அவங்களப் பேசச் சொல்லவா? ஏன் தாயி, அவ இங்க இருந்தா நான் எதுக்கு உன்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்! பொறந்த தேதியா? அது... ஆடி மாசம்னு நெனைக்கிறேன். இல்ல இல்ல, ஆடியில பொறந்தது எங்க செவலப் பசு. அவளுது ஏதோ மழைக்காலம்.

வெவரம் மட்டும் சொல்லலாமா? சரி, அது போதும். நான் ஒண்ணும் ஒங்க கம்பெனிய எழுதிக் கேக்கல.

வெசயத்துக்கு வாரேன். எங்க போனுல வெளிய பேசுறத நிப்பாட்டிட்டீங்க, பதினேழு நாளாச்சு. வெலைய ஏத்துனீங்க, நான் கட்டல, நிப்பாட்டுனீங்க. ஞாயம். ஆனா காலையில ஒரு மெசேஜு வந்திருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணியோட உள்ள வர்ற காலும் கட்டாம். அது எப்படித் தாயி? ஏறுனவன்கிட்ட டிக்கெட்டு கேளு. ஸ்டாப்புல நின்னு பஸ்ஸு போறதப் பாக்குறவன்கிட்டயுமா டிக்கெட்டு போடுவ? நான் அப்படிப் போட்டிருந்தா செக்கிங்கு இன்ஸ்பெக்டரு என் பையப் புடுங்கி வீட்டுக்கு அனுப்பிச்சிருப்பாரு.

உன்னயத் திட்டல. திட்டவே மாட்டேன். பஸ்ஸு கட்டணம் ஏறுன அன்னைக்கெல்லாம் சனம் பூராம் என்னயத்தான் வஞ்சுச்சு, என்னமோ நான்தான் ராத்திரி உக்காந்து ஏத்துன மாதிரி. ஒரு அப்பத்தா வெத்தலையத் துப்பிட்டு, 'ஒன் வீட்டுக்கா கொண்டு போற?'ன்னு கேட்டுச்சு. ஆமா, பையத் தெறந்து காட்டவான்னு கேட்டேன். நீயும் எங்க சாதிதான் தாயி, கண்டக்டர் சாதி. ஏத்துனவன் எங்கிட்டோ ஏசியில இருக்கான், ஏச்சு வாங்க நீ உக்காந்திருக்க.

ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. மாசம்னா ஒங்க கம்பெனியில இருபத்தெட்டு நாளு. அது எந்தக் காலண்டரு? எங்க வீட்டுல தொங்குற காலண்டருல பிப்ரவரிக்கு மட்டும்தான் இருபத்தெட்டு. ஒங்களுக்கு வருசம் பூராம் பிப்ரவரியா? எனக்குச் சம்பளம் அப்படிப் போட்டிருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டிருப்பேன்.

என்னது? அன்லிமிட்டட்டா? இதத்தான் ரீசார்ஜுக் கடை செவனாண்டியும் சொல்றான். 'மாமா, கட்டிருங்க, எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்'ங்கிறான். அடேய், நான் எங்கடா பேசுறேன்? பேசுறவனுக்கு வெலைய ஏத்து, வேணாங்கல. பொழுதுக்கும் காதுல ஒட்டவச்சுக்கிட்டுத் திரியிறானுக, அவனுககிட்ட வாங்கு. நான் இந்தப் போன வாங்குன நாள்லருந்து பேசுனது மொத்தமாச் சேத்தாலும் ஒரு படி நெல்லு கூடத் தேறாது. நான் மணி மட்டும்தான் அடிப்பேன். மிஸ்டு காலு. மணி அடிக்கிறதுக்கும் பேசுறதுக்கும் ஒரே வெலையா?

சிரிக்காத தாயி. இதுல ஒரு கணக்கு இருக்கு, சொல்றேன் கேளு.

பஸ்ஸுல ஒரு விசிலுன்னா என்ன? நில்லு. ரெண்டு விசிலுன்னா? போலாம். எங்க டிரைவரு பரமனும் நானும் பத்தொம்பது வருசம் ஒரே வண்டி. நாங்க பேசிக்கிட்டதே கிடையாது. அவரு முன்னால, நான் பின்னால, நடுவுல விசிலு. ஒரு சண்டை சச்சரவு உண்டா? கிடையாது. அதே கணக்குத்தான் வீட்டுக்கும். போனு வந்ததும் பேச்சிகிட்டச் சொல்லிட்டேன். ஒரு மணி அடிச்சா 'இருக்கேன்', இல்லன்னா 'இரு'ன்னு அர்த்தம். ரெண்டு அடிச்சா 'கிளம்பிட்டேன்', இல்லன்னா 'கிளம்பி வா'. மூணுன்னா சாப்பாடு ரெடி. அம்புட்டுத்தான். ஒரு குடும்பத்துக்கு இதுக்கு மேல என்ன பேச வேண்டியிருக்கு?

எடுக்க மட்டும் கூடாது. எடுத்தாக் காசு. அந்தக் காலத்துல நிமிசத்துக்கு ஒரு ரூவா தெரியும்ல? ஒரு தடவ தெரியாத்தனமா எடுத்து 'ஹலோ'ன்னுட்டா. அதுக்கு ரெண்டு நாளு நான் அவகூடப் பேசல. எப்பவும் பேசாமத்தான் இருப்பேன், ஆனா அந்த ரெண்டு நாளும் கோவத்தோட பேசாம இருந்தேன். அதுலருந்து அவ எடுக்குறதே இல்ல. தெரியாத நம்பருன்னா அந்தப் பக்கமே திரும்ப மாட்டா. நல்லா ட்ரெயினிங்கு குடுத்து வச்சிருக்கேன்.

ஒரே ஒரு விசிலுதான் மிச்சம், அத அவகிட்டச் சொன்னது இல்ல. விடாத விசிலு. வண்டிக்கு அடியில யாரோ மாட்டிக்கிட்டா மூச்சு விடாம ஊதணும், டிரைவரு எதையும் யோசிக்காம பிரேக்கப் போடணும். முப்பத்தியோரு வருசத்துல ஒரே தடவ ஊதுனேன். செக்கானூரணியில ஒரு பெரிய மனுசன் எறங்குனாரு, அவரு வேட்டி கதவுல மாட்டிருச்சு. அவரு ரோட்டுல நிக்கிறாரு, வேட்டி பஸ்ஸோட வருது. வேட்டிக்கு ஒண்ணும் ஆகல, வெள்ளையா அப்படியே இருந்துச்சு. அவருக்குத்தான் அந்த ஸ்டாப்புல நின்னு மானம் போச்சு.

எங்க விட்டேன்? ஆங், பேச்சி.

இவ தங்கச்சி மக வளைகாப்புக்குப் போடிக்குப் போனா. மூணு நாளுல வந்துருவேன்னுட்டுத்தான் போனா. நாலாம் நாளு காலையில ரெண்டு மணி அடிச்சா. 'கிளம்பட்டுமா?'ன்னு கேக்குறா. நானும் பதிலுக்கு ரெண்டு அடிச்சு 'வா'ன்னு சொல்லணும். இங்கதான் ஒங்க கம்பெனி என் குடியக் கெடுத்துச்சு. நான் அடிக்கிறேன், 'டிர்ர்ரு'ன்னு கேக்கணும்ல? கேக்கல. ஏதோ ஒரு அம்மன் பாட்டு கேக்குது. உடுக்கை அடிக்குது, சிலம்பு சத்தம் வேற. காலர் டியூனாம்ல? யாரு கேட்டா? அவளும் கேக்கல. எதையோ அமுக்கப் போயி எதுவோ வந்து உக்காந்துருச்சு. நான் உடுக்கைய எண்ணவா, மணிய எண்ணவா? குத்துமதிப்பா வெட்டிவிட்டேன். அங்க அவளுக்கு ஒண்ணுதான் அடிச்சிருக்கு. ஒண்ணுன்னா? இரு. இருந்துட்டா.

மறுநாளும் ரெண்டு அடிச்சுக் கேட்டா. நேத்து வெரசா வெட்டிட்டோம்னு இந்தத் தடவ நல்லா நின்னு நிதானமா, அம்மனுக்குச் சாமி வர்ற வரைக்கும் விட்டு வெட்டுனேன். மூணு போயிருச்சு. மூணுன்னா சாப்பாடு ரெடி. அவ என்ன நெனப்பா? இந்த மனுசன் சமைச்சுச் சாப்புட்டுச் சவுக்கியமா இருக்கான், நாம எதுக்குன்னு நெனச்சுட்டா. அதுக்கு மறுநாளு மறுபடியும் ஒண்ணு. அதோட அவ கேக்குறதையே விட்டுட்டா.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எங்க சகலை வீரணன், அவ தங்கச்சி வீட்டுக்காரன், சந்தைக்கு வந்தவன் சொன்னான். 'அண்ணே, மதினி அழுகுது. ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து வான்னு கூப்புடச் சொல்லு, வாரேன். மணியடிச்சா வர்றதுக்கு நான் என்ன பஸ்ஸாங்குது'ன்னான். எப்படிக் கேட்டிருக்கா பாரு! பரமன் ஒரு நாளாச்சும் கேட்டிருப்பாரா, 'சீனி, விசிலு ஊதாத, வாயால சொன்னாத்தான் வண்டிய எடுப்பேன்'னு?

சரி, ஒரு தடவ வாயத் தொறந்து தொலைவோம்னு நானும் நெனைச்சேன். நெனைக்கவும் பிளான் முடியவும் சரியா இருந்துச்சு. செவனாண்டி கடைக்குப் போனா வெல ஏறிப்போச்சுங்கிறான். எனக்கு வந்துச்சு பாரு கோவம். டீக்கடையில வச்சே சபதம் போட்டுட்டேன், கூட்டுன வெலைய உசுரே போனாலும் கட்ட மாட்டேன்னு. அஞ்சு பேரு சேந்தோம். ரீசார்ஜு மறுப்புக் குழு. நான்தான் தலைவரு. ஒரு அட்டையில எழுதி வாசல்லயும் தொங்கவிட்டேன்.

குழு என்னாச்சா? அத ஏன் கேக்குற. மொதக் கூட்டம் நடக்குது, நான் நின்னு பேசிக்கிட்டிருக்கேன், பொருளாளரு சட்டப் பையில 'ரீசார்ஜு ஆயிருச்சு'ன்னு மெசேஜு வந்து போனு அடிக்குது. 'மருமக தெரியாமப் போட்டுருச்சு'ங்கிறாரு. செயலாளரு எந்திரிச்சு அவரக் கண்டிச்சாரு. கண்டிச்சுக்கிட்டு இருக்கும்போதே செயலாளரு போனுக்கும் அதே மெசேஜு வந்துச்சு. இப்ப குழுவுல நான் மட்டும்தான் இருக்கேன். தலைவரும் நான்தான், தொண்டனும் நான்தான்.

அட, போடிக்கு நேர்ல போகச் சொல்றியா? பாஸு இருக்கு தாயி, எனக்கு டிக்கெட்டே கிடையாது. ஆண்டிபட்டி வரைக்கும் ஒரு தடவ போயிட்டு எறங்கித் திரும்பி வந்துட்டேன். போய் என்ன சொல்ல? அவ தங்கச்சி நிக்கும், சகலை நிப்பான், வளைகாப்பு முடிஞ்ச புள்ள நிக்கும். எல்லாம் என் வாயவே பாப்பாக. எனக்குப் பழக்கம் இல்ல தாயி. 'டிக்கெட் டிக்கெட்'னு கத்தச் சொல்லு, ஊரே கேக்கக் கத்துவேன். 'படியில நிக்காத'ன்னு சொல்லச் சொல்லு, சொல்வேன். இது வேற.

அதனால நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அவ கோவத்துல இருந்தாலும் தெனம் காலையில ஏழு மணிக்கு ஒரு மணி அடிக்கிறா. ஒண்ணே ஒண்ணு. 'இருக்கேன்'னு அர்த்தம். அது அடிச்சாத்தான் எனக்குத் தொண்டையில டீ எறங்குது. இன்னைக்கு ஆறு மணிக்கு நீங்க கட் பண்ணிட்டீங்கன்னா நாளைக்குக் காலையில அது வராது. அவ அங்க அடிப்பா, அடிச்சது எனக்கு வரலைன்னு அவளுக்குத் தெரியாது, அவ இருக்காளா இல்லையான்னு எனக்கும் தெரியாது. உள்ள வர்றத மட்டும் விட்டு வையி தாயி. பேச வேணாம். மணி மட்டும் அடிச்சாப் போதும். அதுக்கு ஒரு பிளான் போடச் சொல்லு, விசிலு பிளான்னு பேரு வையி, நான் மொத ஆளா வந்து வாங்குறேன்.

அப்படி ஒண்ணு கிடையாதா? ரீசார்ஜு பண்ணுனாத்தான் ஆகுமா? ம். தெரியும். நீ என்ன பண்ணுவ.

பண்ணுனா அவங்ககிட்டப் பேசலாமேங்கிற. பேச என்ன இருக்கு தாயி? கேஸு சிலிண்டரு தீந்துபோச்சு, அத ஒரு பேச்சுன்னு சொல்றதா? ரசம் வச்சேன், ரசப்பொடின்னு நெனச்சு எதையோ போட்டேன், அது நொரைச்சுப் போச்சு, அப்பறம் பாத்தா சட்டி வெளக்குற பவுடரு. பக்கத்து வீட்டுக் கோழி நம்ம அடுப்படியில முட்ட போட்டுருச்சு, திருப்பிக் குடுக்கவா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன். இதெல்லாம் ஒரு விசயமா?

அவங்க இதையே கேப்பாங்களா? இதையா? போ தாயி.

எம்புட்டு நேரமாப் பேசுறேன்? இருபத்திரெண்டு நிமிசமா? நானா? ஒங்க கடிகாரத்த நல்லாப் பாரு. அதுவும் இருபத்தெட்டு நாளு மாதிரி ஒங்க கம்பெனி கடிகாரமா இருக்கப் போகுது. அவகிட்ட நான் இருபத்திரெண்டு நிமிசம்... கல்யாணம் ஆனதுலருந்து சேத்தாலும்...

இரு தாயி. காதுக்குள்ள என்னமோ டுப்பு டுப்புங்குது. வேற காலு வருதா? பாக்குறேன். கண்ணாடி எங்க, கண்ணாடி... நெத்தியிலதான் இருக்கு. 'பே'... 'பேச்சி'. தாயி, அவதான்! பேசாத, நான் எண்ணணும். ஒண்ணு. மணி பதினொண்ணே காலு ஆகுது, இந்நேரத்துக்கு எதுக்கு அடிக்கிறா? ரெண்டு. கிளம்பிட்டாளா? எங்க கிளம்பிட்டா? மூணு. எனக்குச் சாப்பாடா? நாலு. நாலு கிடையாது தாயி! எங்ககிட்ட நாலே இல்ல! அஞ்சு. ஆறு. நிக்க மாட்டேங்குது. விடாத விசிலு தாயி! அவளுக்கு நான் சொல்லவே இல்லயே, எப்படி அடிக்கிறா? யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சு!

எடுக்கவா? எத அமுக்க? பச்சையா? அமுக்குனா நீ போயிருவியா? ஹோல்டுல இருப்பியா? சரி சரி, அமுக்குறேன்.

அமுக்கிட்டேன். ஒண்ணும் கேக்கல. தாயி, இருக்கியா? டுப்பு டுப்பும் நின்னுபோச்சு. வச்சுட்டா போல. பாத்தியா, நான் கண்ணாடியத் தேடுறதுக்குள்ள வச்சுட்டா. என் கைய ஒடச்சு அடுப்புல வைக்கணும்.

எடுத்திருந்தா மட்டும் என்னத்தச் சொல்லிருப்பேன்னு நீ நெனைப்ப. சொல்லிருப்பேன் தாயி. சத்தியமாச் சொல்லிருப்பேன். வீடு வீடா இல்ல. காலையில அஞ்சரைக்கே எந்திரிச்சு போன மடியில வச்சுக்கிட்டு ஏழு மணி எப்ப ஆகும்னு உக்காந்திருக்கேன். ஒண்ணு அடிக்கும். அடிச்சு நின்னதும் இன்னொண்ணு அடிக்க மாட்டாளான்னு இருக்கும். ரெண்டு அடிச்சிட்டா கிளம்பிட்டான்னு அர்த்தம்ல. சந்தோசமா இருக்கும் தாயி. வா பேச்சின்னு சொல்லிருப்பேன். வாயத் தொறந்து. அன்னைக்கு நான் அடிச்சது எல்லாமே வா வான்னுதான், அந்த உடுக்கைதான் கெடுத்துருச்சுன்னு சொல்லிருப்பேன். இத நீ அவகிட்டச் சொல்லிராத. என்னயக் கேலி பண்ணியே கொன்னுருவா.

என்ன தாயி, அழுகுறியா? நீ எதுக்கு அழுகுற? மேனேஜரு பாக்கப் போறாரு, கண்ணத் தொட.

என்னது?

யாரு?

பேச்சியா? அடியே, நீ எப்படி இதுக்குள்ள வந்த? எப்ப இருந்துடி கேட்டுக்கிட்டு இருக்க? ரசத்துலருந்தா, உடுக்கையிலருந்தா? நான் பச்சைய அமுக்குனதுலருந்தா? ஒண்ணும் ஆகலையே? யாருக்கும் ஒண்ணும் இல்லயே? அப்பறம் எதுக்கு அப்படி விடாம அடிச்ச? சும்மாவா? சும்மா எடுப்பேனான்னு பாக்கவா?

ஏய், வச்சுறாத. இரு. கஸ்டமர் கேரு ஹோல்டுல கெடக்கு. கெடக்கட்டும், பீப்பீ கேட்டுக்கிட்டு கெடக்கட்டும். உன் போனுல காசு இருக்குல்ல? அன்லிமிட்டட்டா?

அப்ப பேசு.